எல்ராய் டில்மனின் கைகள்

சனிக்கிழமை மாலை ஆறு மணி என்றால் டில்மன் வீட்டில் தலை வாரும் நேரம்.

வெர்னீதா குட்டை முக்காலியில் உட்காருவாள். எல்ராய் அவளுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்துகொள்வார். சீப்பின் வால்நுனியால் வகிடு எடுப்பார். வகிட்டில் நீலநிற எண்ணெய்க் களிம்பை விரலால் தொட்டுத் தடவுவார். அதற்குள் வெர்னீதாவின் தலை அவர் முழங்காலில் சாய்ந்திருக்கும். சில நாள் குறட்டையும் கேட்கும். பின்னல்கள் முடிந்ததும் பட்டுத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார். மறுநாள் காலை தேவாலயம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. முதலில் சலூனுக்குப் போனாள். அவள் கையைப் பார்த்ததும் அங்கே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மறுபடி போகவில்லை. எல்ராய் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் அவர் போட்ட பின்னல்களைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ஈஸ்டருக்குத் தொப்பி இல்லாமல் போனாள்.

எல்ராய் மாவட்ட அலுவலகத்தில் வீடுகளுக்கு வரி மதிப்பிடுகிறவர். முப்பது வருடமாக அதே வேலை, அதே இங்கிள்வுட் வீடு. நெடுஞ்சாலையில் எல்லா லாரிகளும் அவரை முந்திக்கொண்டு போகும். வெர்னீதா அவரிடம் கண்ட பெருங்குறை அதுதான்.

உள்ளூர் வானொலியில் தம்பதிகளைப் பேச வைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் இருவரும் சனிக்கிழமை மாலையைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் ஒரு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. படம் எடுக்கிறார்களாம்.

எல்ராய்க்கு விருப்பமில்லை.

"அம்பது வருஷமா படம் பாக்குறேன்," என்றாள் வெர்னீதா. "நம்ம கறுப்பு ஆம்பளைங்க சுடுறாங்க, சாகுறாங்க, ஓடுறாங்க, பந்து ஆடுறாங்க. ஒருத்தன் பொண்டாட்டி தலையில எண்ணெய் வெச்சு நான் பாத்ததில்ல. பெரிய திரையில ஒரே ஒரு தடவை பாத்துடறேன், எல்ராய். அப்புறம் படமே கேக்க மாட்டேன்."

"நம்ம வீட்டுக் கண்ணாடியில பாத்துக்கயேன்."

"கண்ணாடியில உன் தொப்பைதான் தெரியுது."

கையெழுத்துப் போட்டார்கள்.

ஸ்டுடியோவில் உண்மைத்தன்மைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. கறுப்பர்களைப் பற்றிய படங்கள் உண்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. தலைவர் பிரென்ட் ஹால்வர்சன் என்ற வெள்ளைக்காரர். பேசும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். துணைத் தலைவர் டெவ்ரோ பாங்க்ஸ், கறுப்பர். கறுப்புக் குடும்பங்களில் இல்லாத தந்தையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"எல்ராய்," என்றார் பிரென்ட், "எப்ப விட்டுட்டுப் போனீங்க?"

"எதை?"

"குடும்பத்தை."

"போகலயே."

"அவசரமில்ல. மனசு தயாராகும்போது சொல்லுங்க. இங்க யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம்."

எல்ராய் யோசித்தார். உதவ வேண்டும் என்றுதான் நினைத்தார். "ஒரு தடவை ஃப்ரெஸ்னோவுக்குப் போனேன். ஆபீஸ்ல ட்ரெயினிங். மூணு நாள்."

பிரென்ட் கண்களை மூடிக்கொண்டார். "சொன்னதுக்கு நன்றி."

அப்போது டெவ்ரோவின் ஃபோன் அடித்தது. "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்," என்றார் டெவ்ரோ தாழ்ந்த குரலில். "வர்றேம்ப்பா, எந்த ஞாயித்துக்கிழமை நான் வராம இருந்திருக்கேன். மீன் வறுத்து வைங்க." ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "மன்னிக்கணும். எங்க விட்டோம்? இல்லாத தந்தை."

பிறகு வெர்னீதாவிடம் திரும்பினார்கள்.

"எங்க படத்துல கறுப்புப் பொண்ணுங்க எல்லாருக்கும் அசையுமே, நீங்க இவரைத் திட்டும்போது கழுத்து எப்படி அசையும்?" என்று பிரென்ட் கேட்டார்.

"அசையாது. டாக்டர் அசைக்கக் கூடாதுன்னிருக்கார்."

"என்ன ஒரு வலிமை," என்றார் பிரென்ட். டெவ்ரோவும் வலிமை என்றார். அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் யாரும் வெர்னீதாவுக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை.

இருவரையும் ஒரு பையைப் பார்க்க அழைத்துப் போனார்கள்.

தரைத்தளத்தில் தனி அறை, கண்ணாடிப் பெட்டி, மேலே சின்ன விளக்கு. உள்ளே தோளில் மாட்டும் பழுப்புப் பை, ஜிப் பாதி பிய்ந்திருந்தது. முப்பது வருடமாக அந்த ஸ்டுடியோவின் எந்தப் படத்தில் எந்தக் கறுப்பு ஆண் வீட்டை விட்டுப் போனாலும் இந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு போவான் என்று டெவ்ரோ விளக்கினார். புதுப் பை ஒன்றை வைத்து ஒரு தடவை முயன்று பார்த்தார்களாம். விடுமுறைக்குப் போகிறான் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்களாம்.

"உள்ள என்ன இருக்கு?" என்று வெர்னீதா கேட்டாள்.

"பேப்பர் அடைச்சிருக்கோம்."

"முப்பது வருஷமா வீட்டை விட்டுப் போறான், ஒரு ஜட்டி எடுத்துக்கல."

பிரென்ட் சிரிக்கவில்லை. பையை வெளியே எடுத்து எல்ராயிடம் கொடுத்துக் கதவு வரை நடக்கச் சொன்னார். எல்ராய் நடந்தார். துணி துவைக்கப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்றார்கள். கண்ணில் வேறு ஊர் தெரிய வேண்டும் என்று டெவ்ரோ சொன்னார். எல்ராய் மறுபடி நடந்தார். கதவருகே போனதும் பழக்கதோஷத்தில் நின்று, வெர்னீதா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் திரும்பிப் பாக்குறது வேண்டாம்," என்றார் பிரென்ட்.

எல்ராயாக நடிக்கப் போகிற மலாகை கிராடி அன்று அங்கே வந்திருந்தார். நாற்பது வயது. பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகு எல்ராயைத் தனியாக காபி இயந்திரத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மனசுல வெச்சுக்காதீங்க, மிஸ்டர் டில்மன். எனக்கு இந்தப் பையெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஒம்பது படத்துல தூக்கியிருக்கேன். மத்ததுல செத்துட்டேன்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"ஸ்கூல்ல டீச்சர் என் பொண்ணுகிட்ட, உங்கப்பா என்ன வேலை பாக்குறார்னு கேட்டிருக்காங்க. வீட்டை விட்டுப் போவார்னு சொல்லியிருக்கா. டீச்சர் என் மனைவிக்கு ஃபோன் பண்ணி ஒரே அழுகை. நான் பக்கத்துல நின்னு பாத்திரம் கழுவிட்டிருந்தேன்."

ஆறு மாதம் கழித்துத் திரைக்கதை வந்தது. அதில் ஃப்ரெஸ்னோ ஒரு சிறைச்சாலை. மூன்று நாள் மூன்று வருடமாகியிருந்தது. திரும்பி வந்தவன் வேலை கிடைக்காமல் குடிக்கிறான், பையைத் தூக்கிக்கொண்டு போகிறான், மறுபடி வருகிறான், கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் யாராலோ சுடப்பட்டுச் சாகிறான். வெர்னீதாவைக் கேத்தரின் என்ற வெள்ளைக்கார செவிலி கவிதை எழுத வைத்துக் காப்பாற்றுகிறாள்.

எல்ராய் அதைப் படித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

"தலை வாருற சீன் இருக்குல்ல?" என்று கேட்டார்.

"அதுதான் படத்தோட உயிரே," என்றார் பிரென்ட், நெஞ்சில் கை வைத்து. "சத்தியமா சொல்றேன். அதுல ஒரு ஃபிரேமைக்கூட யாரும் வெட்ட மாட்டாங்க."

எல்ராய் திரும்பி வந்தார். வெர்னீதாவுக்காகச் சிறைக்குப் போகவும் சாகவும் அவர் சம்மதித்தார்.

படப்பிடிப்பில் அந்தக் காட்சி மதியம் வரை நின்றுபோனது.

ரோஷெல் என்ற நடிகைதான் வெர்னீதா. முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை அலங்காரத்துக்கு நான்கு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் பெரிய பெரிய விருதுகள் கிடைத்திருந்தன. ஒருவர் சன்னமான சீப்பைக் கொண்டுவந்தார். அது இரண்டாவது இழுப்பில் உடைந்தது. ஒருவர் தண்ணீர் தெளித்தார். முடி சுருங்கி உச்சிக்கு ஏறியது. மூன்றாமவர் தொட்டுப் பார்த்து, அற்புதமாக இருக்கிறது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை என்றார். நான்காமவர் கேத்தரினாக நடிப்பவளின் தலைக்குப் போய்விட்டார்.

"என் தலையை நானே வீட்ல செஞ்சுட்டு வர்றேன்னு சொன்னேன்," என்றாள் ரோஷெல். "ஒப்பனைக்காரர் சங்க விதி இடம் கொடுக்காதுன்னாங்க."

"நான் பண்றேன்," என்று மலாகை முன்னால் வந்தார். "என் பொண்ணுக்கு தினமும் நான்தான்."

உண்மைத்தன்மைப் பிரிவு கூடிப் பேசியது. அந்தப் பாத்திரத்துக்குத் தலை வாரத் தெரியக் கூடாது, முகம் தடுமாற வேண்டும், மலாகைக்குப் பழக்கம் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும் என்று டெவ்ரோ சொன்னார். மலாகையின் முகத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, கைகளுக்கு மட்டும் எல்ராயை உட்கார வைக்கலாம் என்று முடிவாயிற்று.

எல்ராய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். பாத்திரத்துக்கு அந்தக் கட்டத்தில் மோதிரம் கிடையாதாம், அடகு வைத்துவிட்டானாம். அது கழலவில்லை. களிமண் நிறத்தில் எதையோ பூசி மறைத்தார்கள்.

காமெரா அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முதலில் விரல்கள் கட்டிப்போன மாதிரி இருந்தன. களிம்பைத் தொட்டதும் சரியாகிவிட்டது. வகிடு எடுத்தார். தடவினார். பின்னினார். இரண்டாவது பின்னலில் ரோஷெல்லின் தலை அவர் முழங்காலில் சாய்ந்தது. நடிக்கிறாள் என்று நினைத்தார். தூங்கிவிட்டிருந்தாள்.

ரோஷெல் விழித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா ஞாபகம்," என்றாள். "அவர் கை இப்படித்தான், கொஞ்சம் கனமா."

எல்ராய் அன்று வீட்டுக்கு வந்து, "என் கைதான் வரப்போகுது," என்றார்.

வெர்னீதா அவர் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நகத்தை வெட்டிட்டுப் போயிருக்கலாம்ல," என்றாள். ராத்திரி முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள்.

படத்தை வெளியிடுவதற்கு முன் யாரோ தெரியாத ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவது அவர்கள் வழக்கம். பர்பேங்கில் ஒரு அரங்கு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு திருகு. பிடித்தால் வலப்பக்கம், பயந்தால் இடப்பக்கம் திருக வேண்டும். பக்கச் சுவரில் ஒரு கோடு பயத்துக்கு ஏறும், பிடித்தால் இறங்கும். எல்ராயைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். வெர்னீதாவுக்கு அன்று மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது.

காட்சி வந்தது. இசை இல்லை. அவருடைய இரண்டு கைகள், ஒரு வீடு உயரத்துக்கு. தன் விரல்கள் இவ்வளவு மெதுவாக நகரும் என்று அவருக்கே தெரியாது. வெர்னீதா பக்கத்தில் இல்லையே என்று தவித்தார்.

பிறகு சுவரைப் பார்த்தார். கோடு பயத்தின் உச்சிக்குப் போயிருந்தது. பின்னால் வந்த, சுடப்பட்டுச் சாகிற காட்சிக்குக்கூட அது அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தச் சாவின்போது ஜனங்கள் நிம்மதியாக வலப்பக்கம் திருகினார்கள்.

"எதுக்குப் பயந்தாங்க?" என்று கூட்டம் கலைந்ததும் கேட்டார்.

"கை பின்னாலேருந்து வருது," என்றார் பிரென்ட். "அவங்க கண்ணை மூடியிருக்காங்க."

"தூங்குறாங்க. எண்ணெய் வெச்சா தூக்கம் வரும்."

"நமக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குத் தெரியாதே. எல்ராய், நாங்க யாருக்கும் பயத்தைச் சொல்லிக்கொடுக்கல. வீட்லேருந்து வரும்போதே கொண்டுவந்துடறாங்க. கொண்டுவந்ததை நாம மதிக்க வேண்டாமா?"

"சந்தேகத்துல விடுறதுதான் தப்பு, பிரதர்," என்றார் டெவ்ரோ. "இவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியாம ஜனங்க கஷ்டப்படுறாங்க. நான் முப்பத்தாறு சோதனைக் காட்சி பாத்திருக்கேன். கறுப்பு ஆண் சும்மா இருந்தாத்தான் பயம் ஜாஸ்தி. ஏதாவது பண்ணிட்டான்னா அடங்கிடும். நம்ம கதையை நாமதான் சொல்லணும். நாம சொல்லலேன்னா வேற யாராவது இதையேதான் சொல்லப்போறாங்க."

"சீனை எடுத்துடுவீங்களா?"

பிரென்டுக்கு மனம் புண்பட்டுவிட்டது. "சத்தியம் பண்ணியிருக்கேன். ஒரு ஃபிரேம்கூடப் போகாது. கொஞ்சம் சத்தம் சேப்போம், அவ்வளவுதான்."

சத்தம் என்றால் தேவாலயத்தில் வாசிப்பது மாதிரி ஆர்கன் ஏதாவது சேர்ப்பார்கள் என்று எல்ராய் நினைத்துக்கொண்டார். காட்சி இருக்கிறது என்று வெர்னீதாவிடம் சொன்னார். கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

முதல் காட்சிக்கு வெர்னீதா பச்சை உடை தைத்துக்கொண்டாள். எல்ராய் அவளுக்கு நெற்றியிலிருந்து பின்னங்கழுத்து வரை வளைந்து போகிற பின்னல் போட்டிருந்தார். அதுவரை அவர் போட்டதிலேயே கஷ்டமானது. தேவாலயத்துப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

டெவ்ரோ மேடையேறினார்.

"இந்தப் படத்துல பொய் எதுவும் இல்ல," என்றார். "கறுப்புக் காதலை நாங்க அப்படியே காட்டியிருக்கோம். அது கஷ்டம். அது வலி. அது முடிஞ்சுபோயிடும். முடியாத கறுப்புக் காதலை எடுக்க எங்க பிரிவுக்கு ஆசைதான், ஆனா அதுக்கு ஆதாரம் கிடைக்கல. நாங்க தேடாத இடமில்ல. இந்தக் கதைக்கு உயிரோட இருக்கிற சாட்சிங்க, மிஸ்டர் டில்மன், மிஸஸ் டில்மன், மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. இந்த வருஷம் அவங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தி ரெண்டு வருஷம். கை தட்டுங்க."

தட்டினார்கள். யாருக்கும் எதுவும் இடிக்கவில்லை.

படம் ஓடியது. மலாகை சிறைக்குப் போனார், வந்தார், குடித்தார். இருட்டில் வெர்னீதா எல்ராயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவா?" என்றாள். "இனிமே," என்றார்.

எங்கோ பாட்டில் உடையும் சத்தம் கேட்டது. தாழ்வாக ஒரு முரசு தொடங்கியது. திரையின் ஓரத்திலிருந்து, ரோஷெல்லின் கழுத்துக்குப் பின்னாலிருந்து, எல்ராயின் கை மெல்ல வந்தது.

அரங்கு மூச்சை இழுத்தது.

ஒரு ஃபிரேம்கூட வெட்டியிருக்கவில்லை. விரல்கள் அதே விரல்கள், அதே மெதுவில் முடிக்குள் நுழைந்தன. சீப்பின் நுனி மின்னியது. முரசு நெருங்கியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரோஷெல்லின் தலை சாய்ந்தபோது பின் வரிசையில் ஒரு பெண், "ஓடிப் போயிடு, கண்ணு," என்றாள் அழுகிற குரலில்.

சட்டைக் கையிலிருந்த வெர்னீதாவின் பிடி தளரவில்லை. இறுகவும் இல்லை. எல்ராய் அவள் பக்கம் திரும்பவில்லை. தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தார். பெட்ரோல் பங்கில் அவரைச் சுட்டபோது அரங்கில் சிலர் கை தட்டினார்கள்.

வெளியே முத்துமாலை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் வெர்னீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்ராய் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு தைரியம் உங்களுக்கு. இப்ப பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெர்னீதாவின் உள்ளங்கையில் ஒரு அட்டையை அழுத்தினாள். அடிபடும் மனைவிகள் கூப்பிடுவதற்கான எண்.

"ஒரே ஒரு கஷ்டம்தான்," என்றாள் வெர்னீதா. "கார்ல இவரோட போனா எங்கயும் போய்ச் சேர மாட்டோம்."

அந்த அம்மாள் வெர்னீதாவை அணைத்துக்கொண்டாள். அணைக்கும்போது பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். "யாரு போட்டுவிட்டது? ரொம்ப அழகா இருக்கு."

வெர்னீதா எல்ராயைக் காட்டினாள். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் மலாகை நின்றிருந்தார். மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "உங்க கையைப் பாத்துட்டாவது ஒரு படத்துல நம்மளை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன், மிஸ்டர் டில்மன்," என்றார். எல்ராய் அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தார். வகிடு நேராக, நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வெர்னீதா பச்சை உடையைக் கழற்றி மாட்டிவிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். பத்திரிகைகள் படத்தைப் புகழ்ந்தன. பார்க்கவே கூசுகிற உண்மை என்று ஒன்று எழுதியது. உண்மைத்தன்மைப் பிரிவுக்கு இன்னொரு மாடி கொடுத்தார்கள்.

புதன்கிழமை எல்ராய் டவுனி என்ற ஊரில் ஒரு வீட்டை மதிப்பிடப் போனார். அவர் உள்ளே அளந்து முடிக்கும்வரை வீட்டுக்கார அம்மாள் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். படம் பார்த்தவளா என்று தெரியாது. முன்பும் சிலர் அப்படித் திறந்து வைத்ததுண்டு. காற்றுக்காக என்று அவர் நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு வெர்னீதா முக்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். களிம்பு டப்பாவைத் திறந்து வைத்தாள்.

எல்ராய் சோபாவுக்கு வந்தவர் உட்காராமல் ஜன்னலுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் அங்கிருந்து இவர்களைப் பார்த்துக் கையசைப்பார். அன்றும் அசைத்தார். எல்ராய் கர்ட்டனை இழுத்து மூடினார். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அதையும் சரிசெய்தார்.

வந்து உட்கார்ந்து சீப்பை எடுத்தார். முதல் வகிடு வந்துவிட்டது. களிம்பைத் தொட்டு, விரலை அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்து கொண்டுபோனார். அது போகிற விதத்தைப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"என்ன?" என்றாள் வெர்னீதா.

"ஒண்ணுமில்ல."

"விரல்ல களிம்பு காயுது."

"ம்."

அவள் காத்திருந்தாள். வழக்கமாக அதற்குள் சாய்ந்திருக்கும் தலை நிமிர்ந்தே இருந்தது. அவள் திரும்பவில்லை. மூடிய ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம இந்த வீட்டுக்கு வந்ததிலேருந்து அந்தக் கர்ட்டனை நீ மூடினதில்ல, எல்ராய். வெளியில யாரு நிக்கிறாங்கன்னு இப்ப மூடினே?"